கடல் தெரிகிற 42 சதுர மீட்டர்: பத்தூமியில் வீடு வாங்கிய ஒரு நாமக்கல் குடும்பம்

முட்டை லாரிக்குக் கொடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். 450 பெருக்கல் 12, அதைப் பெருக்கல் 6. விடை 32,400 டாலர். அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

“ஆடிட்டர் சார், பாப்பாவுக்கு ஆறு வருஷ வாடகை இது. இதோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் சொந்த வீடே வந்துவிடுகிறது. பால்கனியில் நின்றால் கடல் தெரியுமாம்.”

நாமக்கல் பக்கம் லேயர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். பதினான்கு ஆண்டுகளாக அவருடைய கணக்குகளை நான்தான் பார்க்கிறேன். தீவன விலை ஏறினாலும் முட்டை விலை இறங்கினாலும் முகம் மாறாத மனிதர், அன்று கொஞ்சம் பூரித்திருந்தார். மகள் 2023 இலையுதிர்காலத்தில் ஜார்ஜியா நாட்டின் பத்தூமி நகரில் மருத்துவப் படிப்பில் சேர்ந்திருந்தாள். 2024 ஜனவரியில், அங்கேயே படித்து முடித்துத் தரகு வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பையன் அப்பாவைத் தொலைபேசியில் பிடித்துவிட்டான். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நடந்ததை, அவருடைய அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். கட்டுமான நிறுவனத்தின் பெயரும் இதில் வராது. அவர்கள் மோசடி எதுவும் செய்யவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள், அது எங்களுக்குத்தான் பிறகு புரிந்தது.

பத்தூமி கருங்கடல் கரையில் இருக்கிறது. அஜாரா என்ற தன்னாட்சிப் பகுதியின் தலைநகர். துருக்கி எல்லையான சார்ப்பிக்கு அங்கிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை. கடற்கரையில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். 1881இல் போடத் தொடங்கிய நீண்ட நடைபாதைப் பூங்கா, அதன் பின்னால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் முளைத்த அடுக்குமாடிகள். கோடையில் இரண்டு மூன்று மாதம் ஊர் நிரம்பி வழியும், மற்ற நாட்களில் மாணவர்களும் மழையும்தான். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்தும் பெலாரசிலிருந்தும் வந்து இறங்கியவர்களால் வாடகை எகிறியது. மகள் இன்னொரு மாணவியோடு சேர்ந்து 450 டாலருக்கு ஒரு பழைய சோவியத் காலக் கட்டடத்தில் இருந்தாள். அங்கே லிஃப்டில் ஏறுவதற்கே காசு போட வேண்டும். சில்லறை போடவென்று கதவருகே ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார்களாம்.

ஆறு ஆண்டு என்ற கணக்கு தப்பில்லை. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டில் படிப்பவர் 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஜார்ஜியாவின் மருத்துவப் பட்டமும் ஆறாண்டுதான். இடையில் ஊர் மாறுவதற்கு வழி இல்லாதபோது சொந்த வீடு என்ற ஆசை நியாயமாகவே பட்டது.

வாங்க விடுவார்களா?

அவருடைய முதல் சந்தேகம் இதுதான், அதற்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது. விடுவார்கள். நம் நாட்டில் ஒரு ஜார்ஜியர் வெளிநாட்டில் இருந்தபடி வீடு வாங்க முடியாது. தாய்லாந்தில் ஒரு காண்டோமினியத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது. ஜார்ஜியாவில் அப்படி எதுவும் இல்லை. 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் விவசாய நிலத்தை மட்டும்தான் வெளிநாட்டவருக்குத் தடுக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குப் பாஸ்போர்ட் போதும். நம் ஊரில் கிரயத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் என்று பெரிய தொகையை எடுத்து வைப்போமே, அதுவும் அங்கே கிடையாது.

குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று தரகுப் பையன் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தான். அந்த ஆசையை நான் அன்றே வெட்டிவிட்டேன். சொத்தின் மதிப்பை வைத்துக் கிடைக்கும் அனுமதிக்கான வரம்பு 35,000 டாலராக இருந்ததை 2019இல் ஒரு லட்சம் டாலராக உயர்த்திவிட்டார்கள். இவர் வாங்க நினைத்தது அதில் பாதி. வீடு உங்களுடையதாக இருக்கும், ஆனால் அதைப் போய்ப் பார்க்க விசா எடுத்துத்தான் போக வேண்டும் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஜிலேபி எழுத்தில் ஒரு வில்லங்கம்

பையன் முதலில் காட்டியது கடலுக்கு நேர் எதிரே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடம். சதுர மீட்டர் விலை குறைவு, படங்கள் கண்ணைப் பறித்தன. நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த மனையின் நிலப் பதிவு எண். அங்கே ஒவ்வொரு மனைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. பத்தூமி எண்கள் 05 என்று தொடங்கும். அதைப் பொதுப் பதிவு முகமையின் இணையதளத்தில் தட்டினால் அந்தச் சொத்தின் சாற்றாவணம் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சொத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை. நம் ஊர்ப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒரே தாளில் ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒரு மாலை நேரம் நானும் அவரும் என் கணினி முன்னால் உட்கார்ந்து அதைத் திறந்தோம். ஜார்ஜிய எழுத்து 33. தெலுங்கைப் பார்த்து ஜிலேபி என்று கேலி பேசுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்; ஒரு கோணல்கூட இல்லாமல் எல்லாம் சுழி. பத்தி பத்தியாக மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டிக்கொண்டே வந்தோம். உரிமையாளர் பகுதியில் கட்டுமான நிறுவனத்தின் பெயர். நிலம் விவசாயம் சாராதது என்று வந்தது, நிம்மதி. அடுத்த தலைப்பு “இபோதேகா”. அடமானம். மனை முழுவதும், அதன் மேல் எழும்பும் கட்டடத்தோடு சேர்த்து, ஒரு வங்கியிடம் இருந்தது.

கட்டுகிறவர் வங்கியில் கடன் வாங்குவது குற்றமில்லை, நம் ஊரிலும் அப்படித்தான். நாம் வாங்கும் வீட்டை மட்டும் அடமானத்திலிருந்து விடுவிக்க வங்கி எழுதிக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. பையன் இரண்டு நாளில் பதில் கொண்டுவந்தான்: முழுப் பணமும் கட்டிய பிறகு கொடுப்பார்களாம், அதுவும் வாய்மொழியாக. வீடு வாங்குபவர்களைக் காக்கும் நம் ரெரா சட்டத்தில், வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று இருக்கிறது. அங்கே எங்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டோம். அந்த ஒரு தாளுக்காக நான் வாங்கிய கட்டணம் ஒரு தேநீர். இந்தக் கதையில் வரும் செலவுகளிலேயே அதிகம் மிச்சப்படுத்தியது அந்தத் தேநீர்தான் என்று இப்போதும் சொல்வேன்.

இரண்டாவது கட்டடம் கடலிலிருந்து இரண்டாம் வரிசை. அடமானம் இல்லை. 42 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 1,150 டாலர், மொத்தம் 48,300. முப்பது சதவீதம் முன்பணம், மீதியை மூன்று தவணையாக ஓராண்டுக்குள், வட்டி இல்லை. 2024 டிசம்பரில் ஒப்படைப்பு. முன் கிரய ஒப்பந்தத்தை வெறும் கையெழுத்தோடு விட்டுவிடாமல் பொதுப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பதிவில் ஏறிவிட்டால் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பது கடினம். நிறுவனம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று இடங்களில் என் கண் போதுமான அளவு நிற்கவில்லை. ஒப்படைப்பு 180 நாள் வரை தள்ளிப்போனால் தண்டம் கிடையாது. இறுதி அளவீட்டில் பரப்பு 3 சதவீதம் வரை வித்தியாசப்பட்டால் பணம் திரும்பாது. பால்கனியும் விலை போட்ட பரப்பில் அடக்கம். இவை எழுதியிருந்தவை. நான்காவதாக, எழுதாமல் விட்டது ஒன்றும் இருந்தது. கடல் என்ற சொல் அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பணம் எந்தப் பெயரில் போகிறது

இனி வருவது என் தொழில், ஆகவே கொஞ்சம் நீளும்.

இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்தப் பணத்தில் வீடு வாங்குவதற்கு 2022 ஆகஸ்ட் அன்னிய முதலீட்டு விதிகளில் இடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர்கள் சேர்ந்தும் வாங்கலாம். தொகை பிரச்சினையில்லை. பிரச்சினை டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி. 2023 அக்டோபர் 1 முதல் 2025 மார்ச் வரை, 7 லட்சம் ரூபாய்க்கு மேல் போன தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்தது. ஆனால் படிப்புச் செலவுக்கு அனுப்பினால் அப்போது 5 சதவீதம்தான்.

இங்கேதான் தரகுப் பையனின் அடுத்த யோசனை வந்தது. மகள் அங்கே படிக்கிறாள் அல்லவா, வீட்டுப் பணத்தையும் படிப்புச் செலவு என்றே அனுப்பிவிடலாமே, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் கோழிப்பண்ணைக்காரர் இதை ஒரு கண்டுபிடிப்பு போல என்னிடம் சொன்னார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தை எடுத்து நான் அவர் முன்னால் வைத்தேன். எதற்காக அனுப்புகிறோம் என்று குறியீடு எழுதி, கீழே உறுதிமொழியில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். கல்லூரிக் கட்டணம் என்று போன பணம், கட்டுமான நிறுவனத்தின் கணக்கில் விழும். மறு ஆண்டு வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதே வீட்டைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் காத்திருக்கிறது. காட்டினால், இந்த வீட்டுக்குப் பணம் எப்படிப் போனது என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

“அப்போது 20 சதவீதம் போனது போனதுதானா?”

போகாது. டிசிஎஸ் முன்கூட்டிக் கட்டிய வரி மாதிரி. அந்த ஆண்டு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். இதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் பணம் கையை விட்டுப் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்புவது பண்ணை நடத்துகிறவருக்கு நஷ்டம்தான், அவர் சொல்வதில் தவறில்லை. அவருடைய மனைவி பண்ணையில் பங்குதாரர், தனியாக வரி கட்டுகிறவர். ஆகவே வீட்டை இருவர் பெயரிலும் பாதிப் பாதியாக எடுத்துப் பணத்தையும் பிரித்து அனுப்பினோம். ஒரு நுணுக்கம் எங்களைக் கடித்தது. அன்றைய ஏழு லட்ச வரம்பு எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றாக இருந்தது. கல்லூரிக் கட்டணத்தை அவர் தன் கணக்கிலிருந்தே அனுப்பியிருந்ததால் அவருடைய வரம்பு தீர்ந்துபோயிருந்தது. மனைவியின் வரம்பு மட்டும்தான் உதவியது. இரண்டு நிதியாண்டிலும் சேர்த்துப் பிடித்த டிசிஎஸ் சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். வரிக்குச் சரிக்கட்டியது போக மீதி திரும்ப வந்துவிட்டது.

இனிஷியல் என்ற தலைவலி

கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட நேரில் போகவில்லை. மகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, மாநில உள்துறையில் சான்று வாங்கி, பத்திரம் வெளிநாட்டில் செல்லுவதற்கான, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற்று, கூரியரில் அனுப்பினோம். அங்கே அதை ஜார்ஜிய மொழியில் பெயர்த்து மறுபடி நோட்டரி. பத்தூமியின் பொதுச் சேவை மண்டபம் கவிழ்த்து வைத்த பாட்டில் போன்ற வெள்ளைக் கட்டடம். உள்ளே வரிசையும் இல்லை, புரோக்கரும் இல்லை. மகள் டோக்கன் எடுத்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். நாமக்கல் சார்பதிவாளர் அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்த பெண், பதினொரு மணிக்கே வெளியே வந்து அப்பாவுக்கு வீடியோவில் அந்த மண்டபத்தைக் காட்டினாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்து வந்தது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரும், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய தந்தை பெயரும். வங்கிக் கணக்கில் ஓர் இனிஷியலும் பெயரும். முன்பணம் போய்ச் சேர்ந்ததும் கட்டுமான நிறுவனத்தின் கணக்காளர் கேட்டார்: ஒப்பந்தத்தில் இருப்பவர் வேறு, பணம் அனுப்பிய இந்த மூன்றாம் மனிதர் யார்? ஓர் எழுத்து எப்படி ஒரு மனிதரின் தகப்பன் ஆக முடியும் என்று அவருக்கு விளக்குவது லேசான காரியமாக இல்லை. பதினொரு நாள் ரசீது வரவில்லை. கடைசியில், இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு பிரமாணப் பத்திரம், அதற்கும் அப்போஸ்டில், அதற்கும் மொழிபெயர்ப்பு. வெளிநாட்டில் சொத்து வாங்கப்போகும் தமிழர் முதலில் செய்ய வேண்டியது வங்கிக் கணக்கில் இனிஷியலை விரிப்பது. இதைப் போய் எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை.

வெள்ளை என்றால் வெறும் வெள்ளை

கடைசித் தவணை டிசம்பரில் முடிந்து, 2025 ஜனவரியில் வீடு இருவர் பெயரிலும் பதிவானது. அங்கே கட்டி முடியாத வீட்டையும் பதியலாம். சாற்றாவணத்தில் கட்டுமானத்தில் உள்ளது என்ற குறிப்போடு பெயர் ஏறிவிடும். ஆனால் சாவி மே மாதம்தான் வந்தது. 180 நாள் இன்னும் முடியவில்லை, ஆகவே பேச்சில்லை.

சாவி வாங்கக் கணவனும் மனைவியும் விசா எடுத்துப் போனார்கள். திபிலீசியில் இறங்கி, அங்கிருந்து ஐந்து மணி நேர ரயில். கதவைத் திறந்ததும் அந்த அம்மா கேட்டாராம்: “கக்கூஸ் எங்கே?” இருக்க வேண்டிய மூலையில் தரையிலிருந்து ஒரு குழாய் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜார்ஜியாவில் புது வீடு மூன்று தரத்தில் விற்கப்படுகிறது. பிளாக் ஃபிரேம் என்றால் காங்கிரீட், ஜன்னல், வாசல் கதவு, அவ்வளவுதான். ஒயிட் ஃபிரேம் என்றால் சுவர்ப் பூச்சும் தரைப் பூச்சும் உள்ளே இழுத்துவிட்ட மின்கம்பிகளும். கிரீன் ஃபிரேமில் வேலை இன்னும் கொஞ்சம் முன்னேறியிருக்கும். இவர்கள் வாங்கியது ஒயிட். நான் அதை விளக்கியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் வெள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் சுண்ணாம்பு அடித்துக் குடிபோகத் தயாரான வீடு அவர் மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் ஊரில் வெள்ளையடித்தால் அடுத்தது பால் காய்ச்சுவதுதானே.

பால் காய்ச்ச அடுப்பு மேடை இல்லை. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. மகளின் வாடகை வீட்டிலிருந்து மின்சார அடுப்பைக் கொண்டுபோனார், பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ஒயர் இழுக்கச் சொல்லிக் காய்ச்சினார். சிமெண்ட் தூசியில் மூன்று பேரும் நின்றபடி குடித்த படம் என்னிடம் இருக்கிறது.

அளவீட்டில் 40.8 சதுர மீட்டர் வந்தது. 1.2 குறைந்துவிட்டது. சதவீதத்தில் 2.86. மூன்றுக்கு உள்ளே நிற்கும்படி அளந்தாற்போல. 1,380 டாலர் காற்றோடு போயிற்று.

உள் வேலைகளுக்கு, அதாவது கழிப்பறை, டைல், தரை, கதவுகள், சமையலறை, தண்ணீர் சூடாக்கும் பாய்லர், ஏசி எல்லாம் சேர்த்து 15,500 டாலர். சாமான்களுக்கு 3,200. மொழிபெயர்ப்பு, நோட்டரி, முத்திரை, கூரியர் வகையில் 1,150. அக்டோபரில் மகள் குடிபோனாள்.

கணக்கைத் திரும்பப் போட்டால்

மொத்தம் 68,150 டாலர். இதில் விமானச் செலவு இல்லை. மாதம் சதுர மீட்டருக்கு ஒரு டாலர் வீதம் பராமரிப்புக் கட்டணம் தனி.

அந்த முட்டைச் சீட்டை நான் கோப்பில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது என்மீதே கோபம் வந்தது. வாடகை 450 என்றாலும் மகள் கொடுத்தது பாதிதான், 225. முழு வாடகையையும் மிச்சம் என்று போட்டிருந்தார், நானும் கவனிக்காமல் விட்டேன். அடுத்தது, குடிபோகும்போது ஆறில் இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. மீதி நாலு ஆண்டுக்கு அவள் பங்கு 10,800 டாலர். கூட வந்து தங்கும் தோழி தரும் பாதியையும் சேர்த்தால் 21,600. அந்த வரவுக்கு ஜார்ஜியாவில் 5 சதவீத வரி உண்டு, இங்கேயும் கணக்கில் காட்ட வேண்டும். 32,400 என்ற பழைய விடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வீடு கையில் இருக்கிறதே, விற்கலாமே என்று கேட்கலாம். இரண்டு ஆண்டு வைத்திருந்தால் அங்கே விற்பனை லாபத்துக்கு வரி இல்லை என்பது உண்மை, இங்கே உண்டு. ஆனால் பத்தூமியில் இதே அளவில், இதே அமைப்பில் வீடுகள் அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டிருக்கின்றன. புது வீட்டைத் தவணையில் கொடுக்க நிறுவனங்கள் தயாராக இருக்கும்போது பழைய வீட்டை மொத்தப் பணம் கொடுத்து யார் வாங்குவார்? என் கணிப்பில், கட்டி முடித்து யாரோ வாழ்ந்த வீட்டை அன்றைக்கே 58,000 கொடுத்து வாங்கியிருந்தாலும் இவருக்கு லாபம்தான். பூஞ்சை பிடிக்கும் சுவர் எது என்பதும் பார்த்ததும் தெரிந்திருக்கும். பத்தூமியில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நாமக்கல்லில் மூன்று ஆண்டுக்குப் பெய்வது. நவம்பரிலேயே அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் படலம் வந்துவிட்டது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார்கள்; 40.8 சதுர மீட்டரில் ஒரு சாண் என்பது சும்மா இல்லை.

அவர் வருத்தப்படவில்லை. பாப்பா பத்திரமாக இருக்கிறாள், அதற்கு விலை போட முடியுமா என்கிறார். அந்தப் பத்தியை என் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

டிசம்பரில் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பால்கனியிலிருந்து எடுத்தது. இரண்டு பழைய ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கீற்றாகக் கடல். அந்த வீடுகளைச் சுற்றிப் புதிதாகத் தகர வேலி, வேலியில் ஒரு பலகை. அவள் இப்போது ஜார்ஜிய எழுத்தைத் தடுமாறாமல் படிக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: “அப்பா, முன்னால் 24 மாடி வருகிறதாம்.”